ஆடும் கால்களும் ஆளும் கைகளும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

உழைப்பின் பயன் உழைத்தவனுக்கே உரியது என்பது பொருளியல் வகுப்பில் நாம் கேட்கும் முதற்பாடங்களுள் ஒன்று. வயலில் பாடுபடுபவனுக்கு என்ன கிடைக்கிறது, ஆலையில் பாடுபடுபவனுக்கு என்ன கிடைக்கிறது என்று நாம் கேட்கிறோம், மேடையேறி வாதிடுகிறோம், கட்டுரை எழுதிப் பரிசும் பெறுகிறோம். ஆனால், ஆடுகளத்தில் பாடுபடுபவனைப் பற்றி மட்டும் அந்தக் கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை. வீரன் ஆடுகிறான், நாம் கைதட்டுகிறோம். புகழ் உள்ளவனிடம் பொருளும் இருக்கும் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

அம்முடிவு பிழையானது என்பதே என் கருத்து. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டிராத ஒரு விளையாட்டிலிருந்து வருகிறது. கனடா நாட்டு மக்கள் உயிரெனப் போற்றும் ஐஸ் ஹாக்கிதான் அது. அவ்விளையாட்டின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராகிய பாபி ஆர் என்பவரின் வாழ்க்கை, உலகெங்கும் உள்ள உழைப்பாளிகளுக்கு ஒரு பாடமாக விளங்குகிறது.

பனித்தரைப் போர்

நாம் அறிந்த ஹாக்கி புல்தரையில் ஆடப்படுவது, அணிக்குப் பதினொருவர். ஐஸ் ஹாக்கியோ உறைந்த பனித்தரையில் ஆடப்படுவது, அணிக்கு அறுவர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு. காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு, 200 அடி நீளமுள்ள களத்தில் வீரர்கள் காற்றெனச் சறுக்கிச் செல்வர். மோதுவது இவ்விளையாட்டில் குற்றமன்று. விதிக்கு உட்பட்ட உரிமை. ஒருவர் ஒரே மூச்சில் ஒரு நிமிட நேரம் ஆடுவதே அரிது. அதற்குள் களைத்து வெளியேறுவார்; வேறொருவர் உள்ளே பாய்வார். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று முடியும்போது, வீரனின் உடல் பட்ட பாட்டை அவன் உடலே அறியும்.

இத்தகைய விளையாட்டில் ஒருவனுடைய தொழில் வாழ்வு நீண்ட காலம் நிலைப்பது அரிது. ஆசிரியர் ஐம்பத்தெட்டு வயதிலும் பாடம் நடத்தலாம். வழக்கறிஞர் எழுபதிலும் வாதாடலாம். பனித்தரை வீரனோ பெரும்பாலும் முப்பத்தைந்துக்குள் முதியவன் ஆகிவிடுகிறான். ஆயுள் முழுவதற்கும் வேண்டியதைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஈட்டியாக வேண்டிய நிலை அவனுடையது. அவ்வாறு ஈட்டியது எங்கே போகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

ஏழை வீட்டுச் சிறுவன்

1948ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பாரி சவுண்ட் என்னும் சிற்றூரில் பாபி பிறந்தார். தந்தை வெடிமருந்துத் தொழிற்சாலையில் தொழிலாளி. தாயும் உணவுக்கடையில் வேலை செய்தார். வீட்டில் குழந்தைகள் ஐவர். குளிர்காலத்தில் உறைந்து கிடந்த நீர்நிலைகளே சிறுவன் பாபியின் பயிற்சிக் களம்.

1961ஆம் ஆண்டு அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, பாஸ்டன் புரூயின்ஸ் அணியைச் சேர்ந்தவர்கள் ஒரு சிறுவர் போட்டியில் அவனைக் கண்டனர். வேறு இரு சிறுவர்களைப் பார்க்க வந்தவர்கள், அவர்களை மறந்து இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மறு ஆண்டே, பதினான்கு வயதில், அவன் பாஸ்டன் அணிக்கு உரியவன் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. கைம்மாறாகக் கிடைத்தவற்றுள் சிறிதளவு ரொக்கமும் இருந்தது. பாரி சவுண்ட் வீட்டுச் சுவருக்குப் புதிதாகக் காரை பூசித் தரும் செலவும் இருந்தது!

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! வாக்களிக்க வயதில்லை; வண்டி ஓட்ட வயதில்லை; ஆனால் தன் உழைப்பை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க மட்டும் வயது வந்துவிட்டது! அக்காலத்தில் தேசிய ஹாக்கி லீக்கில் இருந்த அணிகள் ஆறே ஆறு. 1942 முதல் 1967 வரை இதுவே நிலை. வீரர்க்கு இருந்த இடங்கள் ஏறத்தாழ நூற்றிருபது மட்டுமே. ஓர் அணிக்கு உரியவன் என்று குறிக்கப்பட்டவன் வேறோர் அணிக்குத் தானாகப் போக இயலாது. முதலாளி விரும்பினால் அவனை விற்கலாம், மாற்றலாம். அவன் விரும்பினால் ஒன்றும் நடவாது. சந்தையில் வாங்குவோர் அறுவர். அந்த அறுவரும் தமக்குள் ஒருமித்தவர். இத்தகைய சந்தையில் கூலி எப்படி இருக்கும் என்பதைப் பொருளியல் மாணவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புகழின் உச்சி

1966இல் பதினெட்டு வயது இளைஞராகப் பாஸ்டன் அணியில் பாபி அடியெடுத்து வைத்தார். அந்த அணி அப்போது பட்டியலின் அடியில் கிடந்தது. நான்கே ஆண்டுகளில் அது சிகரத்தில் நின்றது. 1970 மே 10ஆம் நாள், செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான இறுதிப் போட்டியில், கூடுதல் நேரம் தொடங்கி 40 நொடிகளில் வெற்றிக் கோலை அடித்தவர் பாபி. அடித்த கணத்தில் எதிரணி வீரரின் கோல் காலில் பட்டு அவர் காற்றில் பறந்தார். பறந்தபடியே இரு கைகளையும் உயர்த்தி ஆர்ப்பரித்தார். அந்த ஒளிப்படத்தை அறியாத ஹாக்கி அன்பர் கிடையாது. 29 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை பாஸ்டனுக்கு வந்தது. 1972இல் மீண்டும் வந்தது.

பாபி ஒரு தடுப்பாட்டக்காரர். தடுப்பாட்டக்காரன் பின்னால் நின்று காவல் காக்க வேண்டும் என்பதே அதுவரை இருந்த மரபு. வட்டைத் தாமே எடுத்துச் சென்று எதிரியின் எல்லைக்குள் புகுந்து அம்மரபை உடைத்தவர் இவர். 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு முறை சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் பரிசு பெற்றார். லீக்கிலேயே மிகுந்த புள்ளிகள் ஈட்டியவருக்கான ஆர்ட் ராஸ் பரிசை 1970இலும் 1975இலும் வென்றார். தடுப்பாட்டக்காரர் வேறு எவரும் அப்பரிசை வென்றதில்லை. மொத்தம் 657 ஆட்டங்கள், 270 கோல்கள், கோல் விழத் துணைநின்றவை 645. ஆக, புள்ளிகள் 915.

ஆனால், அந்தப் புகழுக்கு விலை கொடுத்தது அவருடைய இடது முழங்கால். முதல் ஆண்டிலேயே அதில் அடிபட்டது. அதன்பின் அறுவைமேல் அறுவை. பத்துக்கும் மேற்பட்ட முறை கத்தி வைக்கப்பட்டது. சிறு துளையிட்டுக் குருத்தெலும்பைச் சீர்செய்யும் இன்றைய முறை அன்று பரவியிருக்கவில்லை. காலைத் திறந்து, கிழிந்ததை வெட்டியெடுப்பதே வழக்கம். எலும்போடு எலும்பு உரசும் காலோடு அவர் ஆடினார். இருபத்தேழு வயதில் அவருடைய உச்சம் முடிந்துவிட்டது.

நம்பிக்கை என்னும் நஞ்சு

இப்போது கதையின் மற்றொரு மனிதர் வருகிறார். ஆலன் ஈகிள்சன் என்பவர் டொராண்டோ நகரத்து இளம் வழக்கறிஞர். 1966இல் பாபியின் சார்பாகப் பேசி, புதுமுக வீரர் எவரும் அதுவரை பெற்றிராத ஊதியத்தைப் பெற்றுத் தந்தவர் அவர்தான். 1967இல் வீரர்கள் சங்கம் அமைந்தபோது அதன் தலைமைப் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1971இல் பாபிக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் பெற்றுத் தந்தார். 1972இல் கனடாவும் சோவியத் நாடும் மோதிய புகழ்பெற்ற எட்டு ஆட்டத் தொடரை நடத்தியவர்களுள்ளும் அவர் முதன்மையானவர். இவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. தொடக்கத்தில் வீரர்களுக்கு அவர் நன்மை செய்தார் என்பதை ஒப்பத்தான் வேண்டும்.

பாபியோ அவரை உடன்பிறந்த அண்ணனாகவே கருதினார். வரவு, செலவு, வரி, முதலீடு எல்லாம் அவர் கையில். நீட்டிய தாளில் ஒப்பமிடுவது ஒன்றே பாபியின் வேலை.

1976இல் பாஸ்டன் ஒப்பந்தம் முடிந்தது. பாபி சிகாகோ அணிக்குச் சென்றார். பாஸ்டன் நிருவாகம் தம்மைக் கைவிட்டது என்றே அவர் எண்ணினார். உண்மை என்ன? அணியின் உடைமையிலேயே ஏறத்தாழ 18.5 விழுக்காடு பங்கினை அவருக்குத் தர பாஸ்டன் முன்வந்திருந்தது. அச்செய்தியை ஈகிள்சன் தமக்குச் சொல்லவில்லை என்பது பாபியின் கூற்று. அந்தப் பங்கு அவர் கைக்கு வந்திருந்தால் வாழ்நாள் முழுவதற்கும் கவலையற்ற செல்வமாக இருந்திருக்கும்.

சிகாகோவில் அவர் ஆட முடிந்தவை 26 ஆட்டங்களே. 1978 நவம்பரில், முப்பது வயதில், ஓய்வு பெற்றார். ஆடாத காலத்துக்குச் சம்பளம் பெறுவது முறையன்று என்று சிகாகோ தந்த காசோலைகளை அவர் மாற்றவில்லை. அந்த நேர்மையாளர் தம் கணக்கைத் திறந்து பார்த்தபோது அதிர்ந்து போனார். சேமிப்பு என்று நம்பியிருந்தது இல்லை. வரியும் கடனும் மட்டுமே எஞ்சியிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் பனித்தரையில் பறந்தவர், முப்பது வயதில், நடக்க வலிக்கும் காலோடு வெறுங்கையராய் நின்றார்!

யார் குற்றம்?

'படிக்காமல் ஒப்பமிட்டது பாபியின் குற்றம், பிறரைப் பழிப்பானேன்?' என்று சிலர் கேட்கக்கூடும். பதினான்கு வயதில் வீட்டையும் பள்ளியையும்விட ஆடுகளமே பெரிதென்று வளர்க்கப்பட்ட ஒருவனிடம், வழக்கறிஞனின் மொழியில் எழுதிய தாளை ஏன் படிக்கவில்லை என்று கேட்பது நியாயமா? அவனுடைய கால்கள் வேண்டும், தோள்கள் வேண்டும். அறிவு மட்டும் வேண்டாம் என்று வளர்த்தவர்கள் யார்? மேலும், இது பாபி என்ற ஒருவரோடு முடிந்த கதையாக இருந்தால் அவர்மேல் பழி போட்டுவிட்டு நாம் போகலாம். அவருக்கு முன்னும் நடந்தது. அவரோடு ஆடியவர்களுக்கும் நடந்தது.

கார்டி ஹவ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1946 முதல் 1971 வரை டெட்ராய்ட் அணியின் தூணாக நின்று, லீக்கில் மொத்தம் 801 கோல்கள் அடித்த மாவீரர் அவர். ஒப்பந்தத்தோடு அணியின் மேற்சட்டை ஒன்றும் வேண்டும் என்பதே இளமையில் அவர் கேட்ட சலுகை. தம்மைவிட எவரும் கூடுதலாகப் பெறவில்லை என்ற நிருவாகத்தின் சொல்லை அவர் ஆண்டுக்கணக்கில் நம்பினார். 1960களின் இறுதியில் உடன் ஆடிய ஒருவர் வாய்திறந்து சொன்ன பிறகே, தம் அணியிலேயே இருவர் தம்மைவிட மிகுதியாகப் பெறுவதை அறிந்தார். ஊதியத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசுவது பண்பன்று என்று அந்த வீரர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்தப் 'பண்பு' யாருடைய பணப்பையைக் காத்தது என்பது வெளிப்படை.

அதே டெட்ராய்ட் அணியில் கார்டி ஹவ்வோடு தோளோடு தோள் நின்று ஆடியவர் டெட் லிண்ட்சே. ஓய்வூதிய நிதிக்கு வீரர்கள் தம் சம்பளத்திலிருந்து ஆண்டுக்கு 900 டாலர் கட்டி வந்தனர். அந்த நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்று லிண்ட்சே கேட்டார். காட்ட மறுத்தார்கள். 1957இல் அவர் பிற அணி வீரர்களையும் திரட்டிச் சங்கம் அமைத்தார். விளைவு? புகழின் உச்சியில் இருந்த அவரை, அவ்வாண்டே, பட்டியலின் அடியில் கிடந்த சிகாகோ அணிக்குத் தூக்கி எறிந்தார்கள். சங்கத்தில் முன்நின்ற வேறு சிலரும் பந்தாடப்பட்டனர். அஞ்சிய வீரர்கள் பின்வாங்கினர், சங்கம் கலைந்தது. ஆயினும், குறைந்த அளவு ஊதியம் 7,000 டாலர் என்பது போன்ற சில உரிமைகள் அப்போராட்டத்தால் கிட்டின. 1966இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, விழாவுக்கு மனைவி மக்களை அழைத்துவரக் கூடாது என்றதால் விழாவுக்கே வர மறுத்தவர் அந்த லிண்ட்சே!

கணக்கைக் காட்டு என்று ஒருவர் கேட்ட அன்றே மற்றவர்கள் அவரோடு உறுதியாக நின்றிருந்தால், பத்தாண்டு கழித்து வந்த ஈகிள்சனை இத்துணைக் குருட்டுத்தனமாக நம்பும் நிலை வந்திருக்காது என்பது என் துணிபு.

இருபுறமும் அமர்ந்தவர்

ஈகிள்சனின் தீமை அவர் பேராசையில் மட்டும் இல்லை; அவர் அமர்ந்திருந்த இருக்கைகளிலும் இருந்தது. சங்கத்தின் தலைமை அவரிடம்; தனி வீரர்களின் முகவரும் அவரே; பன்னாட்டுப் போட்டிகளை ஏற்பாடு செய்பவரும் அவரே; அணி முதலாளிகளின் நெருங்கிய நண்பரும் அவரே! தொழிலாளிக்காகப் பேச வேண்டியவர் முதலாளியோடு ஒரே மேசையில் விருந்துண்டால், பேச்சு யார் பக்கம் சாயும்? தராசின் முள்ளைப் பிடித்திருப்பவனே ஒரு தட்டில் கையும் வைத்திருந்தால் நிறுவை எப்படி நேராக இருக்கும்?

நீதி வந்தது, ஆனால் ஆமை நடையில் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்து நாளிதழில் பணியாற்றிய ரஸ் கான்வே என்னும் செய்தியாளர், 1991 முதல் இம்முறைகேடுகளைத் துருவி எழுதினார். காயமுற்ற வீரர்களுக்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகையிலும் கைவைக்கப்பட்டதை அவர் எழுத்து வெளிக்கொணர்ந்தது. கார்ல் புரூவர் முதலிய முன்னாள் வீரர்கள் ஓய்வூதிய நிதிக்காக வழக்குத் தொடுத்தனர். நிதியில் மிகுந்திருந்த பணம் வீரர்களுக்கே உரியது என 1992இல் ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994இல் லீக்கின் முறையீட்டைக் கேட்கக் கனடா உச்ச நீதிமன்றம் மறுத்தது. முதிய வீரர்களுக்கு ஏறத்தாழ 4 கோடி கனடா டாலர் கிடைத்தது. 1957இல் லிண்ட்சே கேட்ட கேள்விக்கு முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து விடை வந்தது! விடை வந்தபோது கேட்டவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போயிருந்தனர்.

1998இல் ஈகிள்சன் அமெரிக்க நீதிமன்றத்திலும் கனடா நீதிமன்றத்திலும் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்து இலட்சம் கனடா டாலர் தண்டம். பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை. அதில் ஆறு மாதம் சிறையில் இருந்தார். புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இருந்தால் எங்கள் பெயர்களை எடுத்துவிடுங்கள் என்று பாபி உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் முழங்கினர். அவர் தாமே விலக நேர்ந்தது. ஆடுகளத்தில் பெற்ற எல்லாப் பரிசுகளைவிடவும் அந்த ஒற்றுமையே அவ்வீரர்கள் பெற்ற பெரும்பரிசு என்பேன்.

நாம் கொள்ள வேண்டியது

'இன்றைய வீரர்கள் கோடிகளில் புரள்கிறார்கள், பழங்கதை எதற்கு?' என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. அந்தக் கோடிகள் வானத்திலிருந்து விழவில்லை. 1990ஐ ஒட்டி வீரர்கள் தம் ஊதியங்களை ஒருவருக்கொருவர் வெளிப்படையாக அறியும் வழக்கம் வந்தது. அதன்பின்னரே ஊதியம் விரைந்து உயர்ந்தது. இருள் இருந்தவரை கூலி தாழ்ந்திருந்தது, விளக்கேற்றியதும் உயர்ந்தது. எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாக இந்த உண்மையைக் கற்பிக்க முடியாது.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவரை ஆராய்ந்து பார்த்த பின்னரே நம்ப வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால், தனி மனிதன் எத்துணைதான் ஆராய்வான்? ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, சங்கத்துக்குத் தலைமை தாங்குபவர் உறுப்பினரின் தனிப் பணத்தைக் கையாளக் கூடாது. இரண்டாவது, பொது நிதியின் கணக்கு எந்த உறுப்பினர் எப்போது கேட்டாலும் விரிக்கப்பட வேண்டும். மூன்றாவது, இளம் வயதில் ஆடுகளத்துக்கு அழைத்துச் செல்லப்படும் எந்தச் சிறுவனுக்கும் கல்வியை நிறுத்தக் கூடாது. தான் ஒப்பமிடும் தாளைத் தானே படித்தறியும் ஆற்றல் அவனுக்கு வேண்டும்.

பாபி இறுதியில் வீழ்ந்துவிடவில்லை. தம் பெயரின் மதிப்பாலும் உழைப்பாலும் மீண்டும் எழுந்தார். பிற்காலத்தில் அவரே இளம் வீரர்களின் முகவராகித் தாம் இழந்ததைப் பிறர் இழவாமல் காக்கும் பணியை மேற்கொண்டார். 2010இல் பாஸ்டன் அரங்கின் வாயிலில், காற்றில் பறக்கும் அந்தக் காட்சியையே வெண்கலச் சிலையாக நிறுவினார்கள். டெட் லிண்ட்சேயின் பெயரும் அதே ஆண்டு, வீரர்களே தேர்ந்தளிக்கும் விருதுக்குச் சூட்டப்பட்டது. அவர் 2019இல், தொண்ணூற்று மூன்றாம் வயதில், மறைந்தார்.

சிலை வைப்பது எளிது நண்பர்களே. சிலைக்குரியவன் வாழும்போதே அவன் கூலியைச் சரியாகக் கொடுப்பதுதான் கடினம். நாளை நம்மில் சிலர் அலுவலகம் புகுவோம். சிலர் ஆலை புகுவோம். சிலர் சங்கப் பொறுப்பும் ஏற்போம். எங்கே இருந்தாலும், நம் உழைப்பின் கணக்கைக் கேட்க நாம் கூசக் கூடாது. நம்மிடம் கணக்குக் கேட்பவரைக் கண்டு சினக்கவும் கூடாது. அஞ்சாமல் ஒருவன் கேட்கும்போது, அவனைத் தனியே நிற்க விட்டுவிடாமல் உடன் நிற்பதே நாம் கற்ற கல்விக்கு அழகு. கைதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை!